பிரெக்கன்ரிட்ஜ் போகிறவர்கள் முதல் இரவை டென்வரில் கழியுங்கள்

கடந்த ஆண்டு ஜனவரியில் கொலராடோ மாநிலத்தின் பிரெக்கன்ரிட்ஜ் ஊருக்குத் தனியாகப் போனேன். மூன்று இரவுகள் தங்குவதாகத் திட்டம். இரண்டாவது இரவு இரண்டு மணிக்கு என்னை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும் முன் எத்தனையோ பேரிடம் விசாரித்திருந்தேன். எந்த ஜாக்கெட் வாங்கலாம், எந்தக் கடையில் சூப் நன்றாக இருக்கும், பனிச்சறுக்குக் காலணி எங்கே மலிவாக வாடகைக்குக் கிடைக்கும் என்றெல்லாம் சொன்னார்கள். உயரத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் எச்சரிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். வட ஆற்காட்டிலிருந்து அங்கே பிழைக்கப் போன எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 2001-இல் சுரங்கத்தை மூடிய பிறகு அந்த ஊர் எப்படி ஆனது என்பதை விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். துருப்பிடித்த இயந்திரங்களும், தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு மண்ணாலான, காற்றடித்தால் தூசி கிளம்பும் சயனைடு மேடுகளும், பெங்களூருக்கு விடியற்காலை ரயில் பிடித்து வேலைக்கு ஓடும் மக்களும்தான் அங்கே மிச்சம். தங்கம் தீர்ந்த பிறகும் ஓர் ஊர் பிழைத்து, செழித்து நிற்கிறது என்று கேள்விப்பட்டால் எனக்கு அதைப் பார்த்தே ஆக வேண்டும். பிரெக்கன்ரிட்ஜ் அப்படிப்பட்ட ஊர். 1859-இல் அங்கே ஓடும் புளூ ஆற்றில் தங்கம் கிடைத்து ஊர் எழுந்தது. 1887-இல் இரண்டு தொழிலாளிகள் சுமார் 13 பவுண்டு எடையுள்ள ஒரே தங்கக் கட்டியைத் தோண்டியெடுத்தார்கள். அவர்களில் டாம் குரோவ்ஸ் என்பவர் அதைக் கைக்குழந்தையைப் போலப் போர்வையில் சுற்றித் தெருவழியே தூக்கிக்கொண்டு போனதால் அதற்கு 'டாமின் குழந்தை' என்றே பெயர் வந்துவிட்டது. பிறகு தங்கம் குறைந்தது, மக்கள் வெளியேறினார்கள். 1960-இல் அங்கே மீந்திருந்தவர்கள் 400-க்கும் குறைவு. அடுத்த ஆண்டு டிசம்பரில், கான்சாஸைச் சேர்ந்த ஒரு மர வியாபார நிறுவனம் அங்கே பனிச்சறுக்குத் தளத்தைத் திறந்தது. இன்று அமெரிக்காவிலேயே மிக அதிகமான மக்கள் வந்து போகும் பனிச்சறுக்குத் தளங்களில் அதுவும் ஒன்று.

நான் வசிப்பது ஹூஸ்டனில், கடல் மட்டத்தை ஒட்டிய ஊர். பிரெக்கன்ரிட்ஜ் 9,600 அடி உயரத்தில் இருக்கிறது. இந்த எண்ணை நான் போவதற்கு முன்பே படித்திருந்தேன், ஆனால் அது மனத்தில் உறைக்கவில்லை. நம்மவர்களுக்குப் புரியும் அளவுகோலில் சொல்கிறேன். ஊட்டி சுமார் 7,350 அடி. தொட்டபெட்டா சிகரம் ஏறத்தாழ 8,650 அடி. தொட்டபெட்டாவின் உச்சிக்கு மேல் இன்னும் ஆயிரம் அடி ஏறினால் வருகிற உயரத்தில்தான் அந்த ஊரின் கடைத்தெருவே இருக்கிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் எனக்கு ஒன்றும் ஆனதில்லையே என்ற நினைப்பில் இருந்துவிட்டேன். அந்த நினைப்பு தவறு. காற்றில் ஆக்ஸிஜனின் விகிதம் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்றாலும், மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. பிரெக்கன்ரிட்ஜில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ எழுபது சதவீதம்தான். உடல் அதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் பழகுவதற்கு நாட்கள் வேண்டும். நான் கொடுத்தது ஐந்து மணி நேரம்.

வெள்ளிக்கிழமை அதிகாலை விமானம். டென்வரில் இறங்கி வாடகைக் கார் எடுத்தேன். டென்வர் விமான நிலையத்திலிருந்து பிரெக்கன்ரிட்ஜ் நூறு மைலுக்குச் சற்று அதிகம். சாலை சரியாக இருந்தால் இரண்டு மணி நேரம். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். செப்டம்பர் முதல் மே வரை அந்த மலைப்பகுதியில் ஐ-70 நெடுஞ்சாலையில் போகும் கார்களின் டயர் பனிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது கொலராடோ சட்டம். டயரின் பக்கவாட்டில் எம், எஸ் என்ற இரண்டு எழுத்துகளோ, மலைக்குள் பனித்துகள் வரைந்த குறியோ இருக்க வேண்டும். பள்ளத்தின் ஆழம் ஒரு அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்காவது இருக்க வேண்டும். வாடகைக்குக் கொடுப்பவர்கள் இதைப் பார்த்துக் கொடுப்பார்கள் என்று நம்பாதீர்கள். எனக்கு முதலில் நீட்டிய சாவிக்குரிய காரின் டயர் தேய்ந்து வழவழவென்று இருந்தது. நான் குனிந்து பார்த்துக் கேட்ட பிறகே வேறு கார் கொடுத்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் முன்கூட்டியே படித்துத் தயாராகப் போயிருந்தேன்.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஊருக்குள் நுழைந்தபோது எனக்கு அத்தனை மகிழ்ச்சி. விக்டோரியா காலத்து மரவீடுகள் வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு வண்ணத்தில், கூரை மேல் இரண்டடிப் பனியோடு நிற்கின்றன. நேராக பார்னி ஃபோர்டின் வீட்டைப் பார்க்கப் போனேன். அடிமையாகப் பிறந்து, தப்பித்து, தங்கம் தேடிக் கொலராடோவுக்கு வந்த கறுப்பின மனிதர் அவர். கறுப்பர் என்பதாலேயே அவர் கண்டுபிடித்த சுரங்க நிலத்தைப் பறித்துக்கொண்டார்கள். அவர் உணவகமும் விடுதியும் நடத்திப் பணக்காரராகி, 1882-இல் அதே ஊரில் தன் வீட்டைக் கட்டினார். அந்த வீட்டின் முன்னறையில் நான் நெடுநேரம் நின்றேன். மண்ணுக்குள் இறங்கியவர்களுக்குத் தங்கத்தில் பங்கு கிடையாது என்பது எங்கள் வீட்டிலும் தெரிந்த கதைதான். வெளியே வந்து இரண்டு படி இறங்கியதும் தலை லேசாகச் சுற்றியது. காலையில் சாப்பிடாததால் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று இரவு தலைவலி தொடங்கியது. கண்களுக்குப் பின்னால் யாரோ அழுத்துவது போல ஒரு வலி. தூக்கம் வந்தாலும், மூச்சு நின்றுபோனது போன்ற திடுக்கிடலில் விழித்துக்கொண்டே இருந்தேன். அந்த உயரத்தில் தூங்கும்போது மூச்சு ஏறி இறங்கி இடையில் சில நொடி நிற்பது பலருக்கும் நடப்பதுதான் என்று பிறகு தெரிந்தது. எனக்கு முந்தைய வாரம் ஜலதோஷம் இருந்தது. அதன் மிச்சம் என்று நினைத்து ஒரு மாத்திரை போட்டுக்கொண்டேன். ஜலதோஷம் முழுதாக ஆறாமல் உயரத்துக்குப் போவது நுரையீரலுக்கு ஆபத்தை அதிகமாக்கும் என்பதும் மருத்துவமனையில் கேட்டுத் தெரிந்துகொண்டதே.

சனிக்கிழமை காலை பனிச்சறுக்கு வகுப்பு. 290 டாலர் முன்பே கட்டியிருந்தேன், திரும்பக் கிடைக்காத பணம். அந்த 290 டாலர்தான் என்னை எழுப்பிக்கொண்டு போனது என்று இப்போது தோன்றுகிறது. ஊரிலிருந்து கோண்டோலா என்ற இலவசக் கம்பிவட வண்டியில் ஏறி, பனிச்சறுக்குத் தளத்தின் எட்டாம் சிகரத்தின் அடிவாரத்தில் இறங்கினால், அதுவே பத்தாயிரம் அடிக்கு அருகில். காலணியை மாட்டிக்கொண்டு இருபது அடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. என்னோடு கற்றுக்கொண்டவர்களில் இரண்டு பேர் என்னைவிட வயதானவர்கள். அவர்கள் நன்றாகவே சறுக்கினார்கள். அதைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்தில் வாய் திறக்கவில்லை. தயவுசெய்து இந்தத் தவறைச் செய்யாதீர்கள். யாருக்கு உயரத்தால் நோய் வரும் என்பதை வயதோ, உடல் வலுவோ, தினமும் ஓடுகிற பழக்கமோ முன்கூட்டிச் சொல்லிவிடாது. பதினொரு மணிக்கு வாந்தி எடுத்தேன். பயிற்சியாளர் என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அறைக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார். கீழே இறங்கிப் போகவேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

வழியில் ஒரு கடையில் ஆக்ஸிஜன் டப்பா விற்றார்கள், அந்த ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. ஒன்று வாங்கி உறிஞ்சினேன். இரண்டு நிமிடம் தெளிவாக இருந்தது, பிறகு பழையபடி. அந்தச் சிறிய டப்பாவை வைத்தியம் என்று நம்பி நேரத்தைக் கடத்துவதே ஆபத்து. என்னிடம் இருந்திருக்க வேண்டிய பொருள் வேறு. கோவிட் காலத்தில் எல்லோரும் வாங்கினோமே, விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். அது ஹூஸ்டன் வீட்டில் மருந்து அலமாரியில் சும்மா கிடந்தது.

மாலையில் வறட்டு இருமல் ஆரம்பித்தது. அன்று மூன்று மணிக்குச் சுரங்கம் பார்க்க டிக்கெட் எடுத்திருந்தேன். 1887-இல் தொடங்கிய கன்ட்ரி பாய் என்ற சுரங்கம், மலைக்குள் ஏறத்தாழ ஆயிரம் அடி கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அதற்காகவே வந்தவள் அதற்குப் போகாமல் போர்வைக்குள் கிடந்தேன். இரவு ஒன்பது மணிக்குக் குளியலறைக்கு எழுந்து போய்த் திரும்புவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. நள்ளிரவுக்குப் பிறகு படுக்க முடியவில்லை. படுத்தால் மார்புக்குள் ஏதோ களகளவென்று ஒலித்தது. தலையணைகளை அடுக்கிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் என் தாத்தாவின் நினைவு வந்தது. சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டுப்போன அவர், படுத்தால் மூச்சு முட்டும் என்று கடைசி ஆண்டுகளில் சுவரில் சாய்ந்தபடியேதான் தூங்குவார். சிறுமியாக நான் பார்த்த அதே கோலத்தில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று உணர்ந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயம்தான் என்னைக் காப்பாற்றியது.

காப்பீட்டு அட்டையின் பின்புறம் இருபத்துநான்கு மணி நேரமும் செவிலியரிடம் பேசும் எண் ஒன்று இருக்கும். அதைக் கூப்பிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, ஒரே மூச்சில் ஒரு முழு வாக்கியம் சொல்ல முடிகிறதா என்பது. என்னால் நான்கு சொல்லுக்கு மேல் முடியவில்லை. உடனே தொலைபேசியை வைத்துவிட்டு 911 என்ற அவசர உதவி எண்ணைக் கூப்பிடச் சொன்னார். வந்தவர்கள் விரலில் கருவியை மாட்டியபோது அது 68 காட்டியது. சாதாரணமாக 95-க்கு மேல் இருக்க வேண்டியது. அந்த உயரத்தில் தொண்ணூறை ஒட்டி இருந்தாலும் பரவாயில்லை என்பார்கள். 68 என்பது உயிருக்கு ஆபத்தான எண்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, உயரத்தினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது என்றார் மருத்துவர். பெரும்பாலும் உயரத்துக்கு வந்த இரண்டாவது இரவிலிருந்து நான்காவது நாளுக்குள் வரும் என்றார். சாதாரண உயர நோயில் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை இருக்கும், ஓய்வில் பெரும்பாலும் சரியாகும். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் வந்து கூடிக்கொண்டே போனாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. ஆக்ஸிஜன் வேண்டும், அல்லது கீழே இறங்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது. எனக்கு ஆக்ஸிஜன் வைத்த அரை மணி நேரத்தில் தலைவலி விலகியது. அந்த நிம்மதியில் அழுதுவிட்டேன். பக்கத்தில் யாருமில்லை. செவிலியர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். அவரை நான் மறக்கமாட்டேன்.

அடுத்து இறங்குவது. எனக்கு அதுவரை தெரியாத ஒன்று, அந்த ஊரிலிருந்து டென்வருக்கு இறங்க வேண்டுமானால் முதலில் ஏற வேண்டும். ஐ-70 சாலை ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வழியாக மலைத்தொடரைக் கடக்கிறது; அந்தச் சுரங்கப்பாதை 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. ஊரின் தெற்கே போகும் சாலையோ ஹூசியர் கணவாயில் அதைவிட உயரம் ஏறும். ஆகவே மூச்சு முட்டும் நிலையில் நானே காரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தால் வழியிலேயே நினைவிழந்திருக்கக்கூடும் என்றார் மருத்துவர். கையடக்க ஆக்ஸிஜன் சிலிண்டரோடு ஷட்டில் வண்டியில் போக ஏற்பாடு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பனிச்சறுக்கு முடித்த கூட்டமெல்லாம் டென்வருக்குத் திரும்பும் நேரம், போதாததற்குப் பனியும் பெய்துகொண்டிருந்தது. இரண்டு மணி நேரப் பயணம் ஐந்து மணி நேரம் ஆனது. ஒரு சிலிண்டர் போதுமா என்று கிளம்பும் முன் நான் கேட்டதால் இரண்டு கொடுத்திருந்தார்கள். இரண்டாவதையும் திறக்க வேண்டியிருந்தது. யாராவது உங்களுக்குச் சிலிண்டர் கொடுத்தால் அது எத்தனை மணி நேரம் வரும் என்று கேட்டு, சாலையில் ஆகக்கூடிய நேரத்தை இரண்டு மடங்காக வைத்துக் கணக்குப் போடுங்கள். ஞாயிறு பிற்பகலில் அந்தச் சாலையில் பயணம் வைத்துக்கொள்ளாமல் இருப்பது இன்னும் நல்லது.

டென்வரில் இறங்கியும் உடனே விமானம் ஏற முடியவில்லை. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். ஆக்ஸிஜன் துணையில்லாமல் அளவு சரியாக நிற்கும்வரை பறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். புதன்கிழமைதான் ஹூஸ்டன் திரும்பினேன்.

பணக் கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். காப்பீடு போக மருத்துவமனைக்கு நான் கட்டியது 2,300 டாலர், ஆம்புலன்ஸுக்கு 640, மலை மேல் நின்ற காரை வாடகை நிறுவனம் ஆள் அனுப்பி எடுத்துப்போக 380, ஷட்டிலுக்கு 95, டென்வரில் மூன்று இரவு அறைக்கு 450, விமான டிக்கெட்டை மாற்ற 210, தங்காத மூன்றாம் இரவுக்கு 260, அரைகுறையாகப் போன வகுப்புக்கு 290, பார்க்காத சுரங்கத்துக்கு 40. மொத்தம் 4,665 டாலர், கூடவே நான்கு நாள் விடுப்பு. ஆம்புலன்ஸ் விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அவசர சிகிச்சையில் நம் காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாத மருத்துவர்களும் மருத்துவமனைகளும் எதிர்பாராத பில் அனுப்புவதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 2022 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் அது தரைவழி ஆம்புலன்ஸுக்குப் பொருந்தாது. அதற்காக 911-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள்; பில்லைப் பிறகு பேசிக் குறைக்க முடியும், நானும் குறைத்தேன். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போவதானால், அவர்களின் பயணக் காப்பீடு உயர நோயை ஏற்கிறதா என்று கிளம்பும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்தனையையும் தவிர்க்க எனக்குத் தேவைப்பட்டது டென்வரில் ஓர் இரவு, முடிந்தால் இரண்டு. டென்வர் 5,280 அடி. தாழ்வான ஊரிலிருந்து கிளம்பி ஒரே நாளில் ஒன்பதாயிரம் அடிக்கு மேல் போய்த் தூங்கக் கூடாது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே பயணிகளுக்குச் சொல்கிறது. தேடிப் படிக்காதது என் குற்றம். முதல் இரண்டு நாள் உடலை வருத்தும் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள், மதுவைத் தொடாதீர்கள், தூக்க மாத்திரை வேண்டாம். அசிடசோலமைடு என்ற மாத்திரை சிலருக்கு உதவும். அது உங்களுக்குப் பொருந்துமா, எப்போது தொடங்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். தனியாகப் போனால் தினமும் இரவு ஒருவருக்குக் குறிப்பிட்ட நேரத்தில் அழைத்துப் பேசுங்கள். சனிக்கிழமை மாலையே என் அம்மாவிடம் பேசியிருந்தால் என் குரலைக் கேட்டே கண்டுபிடித்திருப்பார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் மறுபடியும் போனேன். ஒரு முறை இந்த நோய் வந்தவர்களுக்கு மீண்டும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் மருத்துவரைப் பார்த்து, அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையோடு போனேன். டென்வரில் இரண்டு இரவு. பிறகு 7,500 அடியில் உள்ள ஐடஹோ ஸ்பிரிங்ஸ் என்ற இன்னொரு பழைய தங்க ஊரில் ஓர் இரவு. அங்கே மலைச்சரிவில் நிற்கும், தங்கத் தாதுவை அரைத்த பழைய ஆர்கோ ஆலையைப் பார்த்தேன். நான்காம் நாள் பிரெக்கன்ரிட்ஜ். இந்த முறை சுரங்கத்துக்குள்ளும் போனேன். உள்ளே ஒரே குளிர். எனக்கு அது வியப்பாக இருந்தது, ஏனென்றால் தாத்தா வேலை பார்த்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கு மேல் ஆழம். பாறையே கொதிக்கும் என்பார்.

மறுநாள் மெதுவாக நடந்து பிரெஞ்சு கல்ச் பள்ளத்தாக்கில் ரைலிங் என்ற பழைய மிதவையைப் பார்க்கப் போனேன். ஆற்றுப்படுகையை வாளி வாளியாகத் தோண்டி அரித்துத் தங்கம் எடுத்த பெரிய மரப்படகு அது. 1898-இலிருந்து 1942 வரை இப்படிப்பட்ட படகுகள் அந்த ஆறுகளைப் புரட்டிப் போட்டன. ரைலிங் 1922-இல் மூழ்கி, இன்னும் அதே குட்டையில் உடைந்து கிடக்கிறது. சுற்றிலும் அது துப்பிய கற்குவியல்கள். ஜனவரியில் வழியெங்கும் வெள்ளை வெளேரென்று அழகிய குன்றுகளாகத் தெரிந்தவை இவைதான் என்று அப்போதுதான் புரிந்தது. பனி போன பிறகு வெறும் கூழாங்கல் மேடுகள். பல இடங்களில் ஒரு புல்கூட முளைக்கவில்லை. எங்கள் சயனைடு மேடுகளை நினைத்துக்கொண்டு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். படத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, விரலில் மாட்டிய கருவி எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டார். 91 என்றேன். சரி, இருட்டும் முன் இறங்கிவிடு என்றார்.